அப்படியே அரேஞ்ச் பண்ணுங்க

சின்ன முதலாளியின் மேசைமேல் மூன்று கிஃப்ட் பாக்ஸ்கள் திறந்து கிடந்தன. மூடிகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், பென்சில், சரவெடி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மூன்று பெட்டியிலும் வலது பக்கத்து மூலையில் மட்டும் பழைய நியூஸ்பேப்பர் உருண்டை.

"தனமக்கா, இதப் பாருங்க" என்று ஓர் உருண்டையை, செத்த எலியைத் தூக்குவது மாதிரி இரண்டு விரலால் எடுத்துக் காட்டினார். "புஸ்வாணம் இருக்க வேண்டிய எடம். எடுத்துட்டு, ஆட்டினா சத்தம் வரக் கூடாதுன்னு பேப்பரத் திணிச்சு வச்சிருக்காங்க. ஏஜென்ட் திரும்பி வந்த லாரியிலயே குடுத்து விட்டுட்டாரு. கடைக்காரங்க முன்னாடி அவருக்கு மானம் போச்சாம்."

ஏஜென்ட் என்பவர் கோயம்புத்தூர்ப் பக்கம் நாற்பது ஐம்பது கடைகளுக்கு எங்கள் சரக்கை வாங்கி விற்பவர். அவர் முகம் சுளித்தால் அந்த வருஷத்துத் தீபாவளி எங்களுக்கு இல்லை.

நான் சிவகாசி நாரணாபுரம் ரோட்டில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தப் பேப்பர் உருண்டையைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ஒருவிதப் பாராட்டு. அவ்வளவு அழகாக, மூலைக்கு மூலை பொருந்துகிற மாதிரி மடித்துத் திணித்திருந்தார்கள். திருடினாலும் வேலையில் சுத்தம்.

சின்ன முதலாளி ஒவ்வொரு பெட்டியின் அடியிலிருந்தும் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வரிசையாக வைத்தார். எந்த மேசையில் அடுக்கிய பெட்டி என்று தெரிவதற்காக நாங்கள் போடுகிற நம்பர். மூன்றிலும் ஒரே நம்பர்.

செல்வியின் மேசை.

அந்தச் சொல்லும் நானும்

சென்ற வாரம் இதே பக்கத்தில் நான் எழுதிய குழாயடிச் சண்டையைப் படித்துவிட்டு ஒரு வாசகி போன் செய்திருந்தார். "நீங்க யாரையுமே நம்ப மாட்டீங்களாம்மா?" என்று கேட்டார். நம்புவேன் அம்மா. கொஞ்சம் தாமதமாக நம்புவேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சொல்லை மட்டும் நான் இன்றுவரை நம்பியதில்லை. அது 'அரேஞ்ச்'.

பள்ளிக்கூடத்தில் அதை நான் சந்தித்தபோது அது அப்பாவியாகத்தான் இருந்தது. ஆங்கிலப் பரீட்சையில் தாறுமாறாகக் கிடக்கும் வார்த்தைகளைக் கொடுத்து, இவற்றை அரேஞ்ச் செய்து வாக்கியமாக்கு என்பார்கள். 'ஒழுங்குபடுத்து' என்று டீச்சர் அர்த்தம் சொன்னார். நானும் ஒழுங்காக ஒழுங்குபடுத்தி மார்க் வாங்கினேன்.

பிறகு பார்த்தால் அது ஊர் முழுக்க வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. "வண்டி அரேஞ்ச் பண்ணியாச்சு." "மண்டபம் அரேஞ்ச் பண்ணிரலாம்." "கரண்ட் கனெக்‌ஷனா, நம்ம ஆளு இருக்காரு, அரேஞ்ச் பண்ணிக்கலாம்." துக்க வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒருத்தர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பந்தலையும் பாடையையும் அரேஞ்ச் பண்ணிக்கொண்டிருப்பார்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் ரூம் அரேஞ்ச் பண்ணிவிட்டதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் அது அவர் சிநேகிதருடைய அத்தை வீட்டு அடுக்களைக்குப் பக்கத்து அறை. மூன்று நாளும் அந்த அத்தைக்கு நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அருவியிலும் தண்ணீர் இல்லை.

என் மகளுடைய தடிமனான அகராதியில் ஒருநாள் அந்தச் சொல்லைத் தேடினேன். வரிசையாக வைப்பது என்று ஓர் அர்த்தம். முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்வது என்று ஒன்று. ஒரு பாட்டை வேறு வாத்தியங்களுக்குத் தோதாக மாற்றி அமைப்பதும் அரேஞ்ச்தானாம். இதெல்லாவற்றுக்கும் முந்தி, ரொம்பப் பழைய காலத்தில், சண்டைக்கு ஆட்களை அணிவகுத்து நிறுத்துவதற்குத்தான் அந்தச் சொல் இருந்ததாம். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

'அடுக்கு' என்று சொல்லுங்கள், எனக்குப் பயமில்லை. அடுக்குகிறவளின் கை கண்ணுக்குத் தெரியும். கோணலாக இருந்தால் அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். 'அரேஞ்ச் ஆயிருச்சு' என்று ஒருத்தர் சொல்லும்போது யாருடைய கை அது என்று கேட்டுப் பாருங்களேன். பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் சின்ன முதலாளி வெளியூரில் படித்துவிட்டு வந்தவர். பெரியவர் காலமான பிறகு கம்பெனியை எடுத்து நடத்தினார். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன், சம்பளத்தை ஒரு வாரமும் தள்ளிப்போட்டதில்லை. ஆனால் அவர் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை அரேஞ்ச் வரும் என்று கணக்கே கிடையாது.

குத்தூசிக்காரர் மகள்

என் சந்தேக புத்திக்கு என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என் அப்பாவுக்கு விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் சரக்குப் பார்க்கிற வேலை. கையில் எப்போதும் ஒரு குத்தூசி இருக்கும். மூட்டையின் நடு வயிற்றில் அதைச் சொருகி இழுத்தால், உள்ளே இருக்கிற உளுந்து அதன் பள்ளத்தில் வந்து நிற்கும். மேலே நல்ல உளுந்து, நடுவில் சொத்தை, அடியில் கல் என்று அடுக்கிக் கொண்டுவருகிறவர்களை அப்பா ஒரு குத்தில் பிடித்துவிடுவார்.

மண்டியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அதே ஆள்தான். விருந்தாளி வாழைப்பழத்தோடு வந்தால் சீப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தாம்பூலத் தட்டை நீட்டியபோது மேலே இருந்த ஆப்பிளைத் தூக்கி அடியில் இருந்ததைத் தட்டிப் பார்த்தார். அம்மா உள்ளே போய்த் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்கு நம்ம பிள்ளைகளையே குத்திப் பாக்கணும்" என்பாள்.

அந்த ரத்தம்தான் எனக்கும். சிவகாசிக்கு வாக்கப்பட்டு வந்து, பேக்கிங் வேலைக்குப் போய், மேஸ்திரியான பிறகு அது வசதியாகவும் போயிற்று. ஒரு பெட்டியைக் கையில் வாங்கினால் எடையிலேயே குறைச்சல் தெரிந்துவிடும். பெண்கள் என்னை முன்னால் அக்கா என்பார்கள். பின்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதை வாரப் பத்திரிகையில் போட முடியாது.

ஒரு பேரு

"எனக்கு ஒரு பேரு வேணும்க்கா" என்றார் சின்ன முதலாளி. "ஆளக் கண்டுபிடிச்சு நிறுத்திட்டோம்னு ஏஜென்ட்கிட்டச் சொல்லணும். இல்லன்னா அடுத்த லோடு வேண்டாம்ங்கிறாரு. சீட்டப் பாத்தா செல்விதான். ஆனா நீங்க மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க."

"அவகிட்டக் கேட்டீகளா?"

"யாருகிட்டயும் எதுவும் கேக்காதீங்க. விஷயம் உள்ள பரவிச்சுன்னா உஷாராயிருவாங்க. அவள ரெண்டு மூணு நாள் லீவுல இருக்கச் சொல்லிட்டேன். சும்மா கவனிங்க, போதும்."

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் அவள் கைதான் வேகம். மற்றவள் ஒரு பெட்டி முடிப்பதற்குள் இவள் இரண்டாவதுக்குப் போயிருப்பாள். அவள் வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிறவர், இடுப்புப் பிடித்துப் படுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் சாத்தூரில் காலேஜ் முதல் வருஷம். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவளுடைய பத்து விரலை நம்பி.

எங்கள் பக்கத்தில் ஒருத்திக்குக் கை நீளம் என்று பேர் வந்துவிட்டால் அது அவளுக்கு முன்னால் போய் அடுத்த கம்பெனி கேட்டில் நிற்கும். நாரணாபுரத்தில் வேலை போனால் அச்சங்குளத்தில் கிடைக்கும் என்பதெல்லாம் கிடையாது. வேன் டிரைவர்கள் வாய் வழியாகவே சேதி போய்விடும். தீபாவளி சீசனில் அதுவும் பட்டாசு எடுத்தாள் என்று நிறுத்தினால், பிறகு அவளை வீட்டு வேலைக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். சின்ன முதலாளி என்னிடம் கேட்டது ஒரு பெயரை மட்டும்தான். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குச் செல்வி மேல் சந்தேகம் இல்லை என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு எனக்கு எல்லார் மேலும் இருந்தது. லாரி டிரைவர் வழியில் பெட்டியைத் திறந்திருப்பானா? ஏஜென்டே எடுத்து வைத்துக்கொண்டு விலையைக் குறைக்க நாடகம் ஆடுகிறாரா? குடோன் முத்தையா அண்ணாச்சி ஏன் இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் தலையைக் குனிகிறார்? சின்ன முதலாளிக்கே செல்வியை நிறுத்திவிட்டு வேறு யாரையாவது கொண்டுவர யோசனையோ?

கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாரே. அதனால் பார்த்தேன். பெண்கள் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கும்போது அது எவ்வளவு கனக்கிறது என்று பார்த்தேன். முந்தானையை உதறுகிறவளைப் பார்த்தேன், உதறாதவளையும் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். ஏதோ காணாமல் போயிருக்கிறது என்பது வரைக்கும் எப்படியோ கசிந்திருந்தது. என்ன காணோம் என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆபீஸில் நகை காணோம் என்றுகூட ஒரு பேச்சு ஓடியது. வழக்கமாக வாய் ஓயாத ஷெட்டில் கம்பி மத்தாப்புப் பாக்கெட் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கூடினா யாரு கேப்பா

அந்த லோடு அடுக்கிய இரண்டு நாளும் நான் ஊரில் இல்லை. காரியாபட்டியில் என் தம்பி பேரனுக்குக் காதுகுத்து. அதை முடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது லாரி போய்விட்டது. ஷெட்டில் வேறு சைஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே அந்தப் பெட்டியை நான் அடுக்கும்போது பார்க்கவில்லை. எனக்கு இதுதான் உறுத்தியது. நான் பார்க்காத இரண்டு நாளில் என்ன நடந்தது?

வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், முத்தையா அண்ணாச்சியிடம் போனேன். குடோனில் சரக்கு எடுத்துக் கொடுக்கிறவர். அவர் தலைகுனிவு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேனே.

"அண்ணாச்சி, கோயம்புத்தூர் லோடுக்கு எடுத்த புஸ்வாணத்துல மிச்சம் எம்புட்டு இருக்கு?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ஏம்மா கேக்கீக?"

"சும்மா சொல்லுங்க."

"இருக்கு."

"எம்புட்டு?"

"அம்புட்டும் இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர் எழுந்து உள்ளே கூட்டிப்போய்ச் சுவரோரம் காட்டினார். புஸ்வாணக் கட்டுகள் கட்டுப் பிரிக்காமல் அப்படியே அடுக்கி இருந்தன. அந்த லோடுக்கு என்று தனியாக எடுத்து வைத்த அத்தனையும். மேலே இருந்த ஒரே ஒரு கட்டு மட்டும், ஒரு பெட்டிக்கு ஆகிற அளவு எடுத்த மாதிரி, பிரிந்திருந்தது.

எடுத்திருந்தால் குறைய வேண்டும். இங்கே குறையவே இல்லையே! அப்படியானால் எந்தப் பெட்டிக்குள்ளும் புஸ்வாணம் போகவே இல்லை. போகாத ஒன்றை யார் திருடுவது?

"ஏன் அண்ணாச்சி, அன்னைக்கே சொல்லலியா?"

"நான் என்னத்தம்மா சொல்ல? ஷெட்டுல இருந்து யாரும் வந்து கேக்கல, நான் குடுக்கல. பொறவு லாரி போயிருச்சு. குறைஞ்சா மொதலாளி கேப்பாக. கூடினா யாரு கேப்பா? நாமளா வாயத் தொறந்து, எப்படிக் கூடுச்சுன்னு ஆரம்பிச்சாகன்னா நான் எங்கன போயி நிப்பேன்?"

நாலு நாளாக அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தது இதற்குத்தான். எனக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

நேராக ஷெட்டுக்கு வந்தேன். கேட்கக் கூடாது என்ற உத்தரவு அதற்குள் எனக்கு மறந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று கேட்டேன்.

"கோயம்புத்தூர்ப் பெட்டியில வலது பக்க மூலையில என்னத்த வச்சீக?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். இப்படி ஒரு கேள்வியா என்பது போல ஒருத்தி சொன்னாள்:

"பேப்பருக்கா."

"பேப்பரா? ஏன்?"

"மாதிரிப் பெட்டியில பேப்பர்தானக்கா இருந்துச்சு. நாங்களும் அதே மாதிரி மடிச்சு வச்சோம். பேப்பர் பத்தாம எங்க வீட்டுல இருந்து வேற கொண்டாந்தேன்."

இன்னொருத்தி சோற்றுக் கையை உயர்த்தினாள். "செல்வி கேட்டாக்கா. 'இங்கன பேப்பரா வைக்க மொதலாளி'ன்னு கேட்டா. அவுக போன்ல பேசிக்கிட்டே, 'அதப் பாத்து அப்படியே அரேஞ்ச் பண்ணுங்க, ஒரு இம்மி மாறக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக."

எல்லாரும் வைத்திருக்கிறார்கள். ஏஜென்டின் கையில் முதலில் சிக்கிய மூன்றும் செல்வியின் பெட்டிகள். வேகமாக அடுக்குகிறவளின் பெட்டிதானே அதிகம்.

சாமிக்கு வைத்த பெட்டி

படிக்கிறவர்களுக்கு மாதிரிப் பெட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் முதலில் ஒரு பெட்டியை முறையாக அடுக்கி, ஷெட் நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்துவிடுவோம். பிறகு யாரும் எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை, கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்து அடுக்க வேண்டியதுதான். மூடி போடுவது அடுத்த ஷெட்டில். மூடியில் அச்சடித்திருக்கும் விவரம் எங்கள் பெண்கள் கண்ணில் படவே படாது.

எங்கள் பக்கம் இன்னொரு வழக்கமும் உண்டு. சீசனில் முதல் கிஃப்ட் பாக்ஸை ஊர் எல்லை மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துக் கும்பிடுவார்கள். கம்பெனிக்குள் தீக்குச்சி கொண்டுபோகக் கூடாது என்பதால் கோயிலுக்கு வெளியே பொட்டலில் வைத்து அதிலிருந்து ஒரு வெடியை எடுத்துக் கொளுத்துவார்கள். அது நன்றாகப் பொரிந்தால் அந்த வருஷத்து வியாபாரமும் பொரியும் என்று நம்பிக்கை. பெரியவர் இருந்தவரைக்கும் அந்தப் பெட்டி கோயிலிலிருந்து நேராக அவர் ஆபீஸ் அலமாரிக்குப் போகும். தீபாவளி வரை யாரும் தொட முடியாது. மாதிரிக்கு என்று வேறு பெட்டி இருக்கும்.

எனக்குப் பொறி தட்டியது. ஆபீஸுக்குப் போனேன். சின்ன முதலாளி கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, இந்த வருஷம் கோயில்ல என்னத்தக் கொளுத்துனீக?"

"புஸ்வாணம். ஏங்க்கா?"

"அந்தப் பெட்டி எங்க?"

சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். புஸ்வாணத்தை எடுத்தது. அதில் ஒன்றைக் கொளுத்திவிட்டு மிச்சத்தை அங்கே நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தது. கார் குலுங்கும்போது மற்ற வெடி சரியாமல் இருக்க மூலையில் பேப்பர் வைத்தது. வந்த வேகத்தில் பெட்டியை ஷெட் ஸ்டூலில் வைத்தது.

"அது என் அரேஞ்ச்மென்ட்க்கா" என்றார் சன்னமாக. "ரெண்டு நாள் யோசிச்சு நானே அடுக்கின பெட்டி. அழகா இருந்துச்சேன்னு அதையே மாதிரிக்கு வச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதில் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும்க்கா. சாமிக்கு வச்ச பெட்டியப் பாத்து ஒரு லோடு முழுக்க அடுக்கிட்டோம்னு சொன்னா ஏஜென்ட் நம்மள ஆளாவே மதிக்க மாட்டாரு. ஏற்கெனவே ஒரு ஆளச் சந்தேகப்படுறோம்னு சொல்லிட்டேன். அப்படியே போகட்டும். செல்விக்கு வேற கம்பெனில நான் வேலை அரேஞ்ச் பண்ணிடுறேன்."

பாருங்கள், வந்துவிட்டது. அகராதியில் இல்லாத அர்த்தம்.

"எந்தக் கம்பெனி மொதலாளி, திருடின்னு நிறுத்தினவளச் சேத்துக்குவாக?"

"நான் சொன்னா சேத்துக்குவாங்க."

"என்னன்னு சொல்லுவீக? அவ திருடல, நான்தான் அனுப்பிட்டேன்னு சொல்லுவீகளா? அத இங்கனயே சொல்லிட்டாப் போச்சே."

எனக்குக் கோபம் வந்தது. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கும் வீட்டில் அடுப்பு உண்டு. ஆனால் அத்தனை பெண்களும் பேப்பர் வைத்தோம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு வேனில் ஏறினதும் அது சிவகாசி பூராவும் போய்விடும். அதைச் சொன்னேன். இனி இதை மூடி வைக்க அவரால் முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், போட்டார். என் புத்தி அப்படி.

கோயில், புஸ்வாணம், பேப்பர், ஸ்டூல் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கம் ஏஜென்ட் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நான் இந்தத் தொழில்ல முடி நரைச்சவன். கதை நல்லாருக்கு. யாரு அரேஞ்ச் பண்ணிக் குடுத்தா?"

ஒருத்தர் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொல்கிறார், அதற்குக் கிடைத்த மரியாதை இது. சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். நான் போனருகில் போய், "மத்தப் பெட்டிகளையும் தொறந்து பாருங்கய்யா. எந்த நம்பர் சீட்டு இருந்தாலும் அந்த மூலையில பேப்பர்தான் இருக்கும்" என்றேன். அவரிடம் பாதி லோடு இன்னும் பிரிக்காமல் இருந்தது. அரைமணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். இப்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் சிரித்தார். எங்கள் குடோனில் கிடந்த புஸ்வாணக் கட்டுகளை அடுத்த லாரியில் ஏற்றிவிடுவது என்று பேச்சு முடிந்தது.

செல்வி வீட்டில்

அன்று சாயங்காலம் ஷெட்டை மூடிவிட்டு நானே செல்வி வீட்டுக்குப் போனேன். ஆள் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வழியில் கடையில் சேவும் மிக்சரும் வாங்கிக்கொண்டேன். மனசு லேசாக இருந்தது. ஒரு பேரைச் சொல் என்று நாலு நாள் நெருக்கியும் நான் சொல்லவில்லையே என்ற நினைப்பு உள்ளே இனித்தது. அதை மறைத்து எழுதுவானேன்.

அவள் வீட்டுக்காரர் கட்டிலில் திரும்பிப் படுத்திருந்தார். மகள் மூலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காத மாதிரி இருந்தாள். செல்வி காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். புஸ்வாணம் என்றதும், "அட, புஸ்வாணமா காணோம்?" என்று வாய்விட்டுக் கேட்டாள். என்ன காணோம் என்றே தெரியாமல் நாலு நாளாக வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கோயில் பெட்டி என்றதும் அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டதைச் சொன்னதும் மகளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு வேனுக்கு வந்திரு" என்றேன். "மொதலாளியே எல்லார் முன்னாடியும் சொல்லுவாக. சொல்ல வைக்கிறேன்."

"வாரேன்க்கா."

எனக்கு அது போதவில்லை. இன்னும் ஏதோ சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். காப்பியை ஊதிக்கொண்டே கேட்டேன்.

"நாலு நாளா என்ன நெனச்சுக்கிட்டு இருந்த? யாரு எடுத்திருப்பான்னு நெனச்ச?"

பருப்பு வெந்ததா என்று கேட்டால் சொல்வது மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்களத்தான்க்கா."

"என்னையா!"

"ஆமாக்கா. நீங்க ரெண்டு நாள் ஊருக்குப் போறேன்னு போனீக. திரும்பி வந்ததுல இருந்து எல்லாரு கூடையையும் உத்து உத்துப் பாக்கீகன்னு அவளுக வந்து சொன்னாளுக. மடியில கனம் உள்ளவுகதான் அப்படிப் பாப்பாகன்னு நெனச்சேன்." காலியான டம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள். "மொதலாளி கூப்பிட்டுக் கேட்டா உங்க பேரத்தான் சொல்லணும்னு இருந்தேன். அவுக என்னையக் கேக்கவே இல்ல."